வீட்டோடு மாப்பிள்ளையின் தெய்வ பலம்

மாமியார் ஏசுகிறாள், உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து எடுபிடி வேலை பார்க்கும் யே சென் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறான். ஒருநாள் அவன் பெரும் செல்வக் குடும்பத்தின் வாரிசு என்று தெரிகிறது. பழஞ்சுவடி ஒன்றும் கைக்கு வருகிறது. அதைப் படித்து மருத்துவமும் மந்திரமும் கற்றவன், ஏசியவர்களை ஒவ்வொருவராகத் தலைகுனிய வைக்கிறான். பல ஆயிரம் அத்தியாயங்கள் ஓடும் சீன இணைய நாவல் இது.

மூச்சையடக்கி, உடலுக்குள் சக்தியைத் திரட்டி, படிப்படியாகச் சாகாநிலைக்கு ஏறும் சாதகன் இன்றைய நகரத்தில் நடமாடினால் என்ன ஆகும் என்பதே இவ்வகைக் கதைகளின் கரு. 2002இல் தொடங்கிய சீடியன் என்ற சீன இணைய நாவல் தளம், எழுத்து எண்ணிக்கைக்குக் காசு என்ற முறையில் இவற்றை வளர்த்தது. கதை முடிந்தால் வருமானமும் முடியும், ஆகவே எளிதில் முடிவதில்லை. ஒரு எதிரி விழுந்தால் அவனுடைய அண்ணன் வருவான், பிறகு குரு, பிறகு குருவின் குரு.

இதைக் குப்பை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, லாபு தோட்டங்களில் பெரட்டுக்களத்தில் விடியுமுன் வரிசையில் நின்று, கங்காணியின் ஏச்சையும் கிராணியின் கணக்கையும் வாய்பேசாமல் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அவமானப்பட்டவன் எழுந்து நிற்கும் காட்சி ஏன் இனிக்கிறது என்று விளக்கவா வேண்டும்? கைப்பேசியில் கிடைக்கும் கதையில் அந்தப் பசிக்குத் தீனி இருக்கிறது. உயர்ந்த இலக்கியம் என்று நாம் நீட்டுவதில் பல நேரம் அது இருப்பதில்லை. உழைத்தால் உடல் மாறும், உடல் மாறினால் விதி மாறும் என்ற நம்பிக்கையும் இவ்வகையின் பலம்தான்.

ஆனால் அந்த நம்பிக்கையை இக்கதைகளே காட்டிக்கொடுக்கின்றன. யே சென் உண்மையில் ஏழையே அல்ல, கோடீஸ்வரரின் பேரன். மற்ற பல சாதகர் கதைகளிலும் பிறவியிலேயே 'ஆன்ம வேர்' வாய்த்தவனே ஏறுகிறான். நாமும் இதில் குறைந்தவர்கள் அல்ல. 2011இல் வந்த '7ஆம் அறிவு' படத்தில் போதிதர்மரின் வித்தை அவர் வம்சத்தில் வந்த சர்க்கஸ் கலைஞனின் மரபணுவில் தூங்கிக் கிடக்கிறது, எழுப்பிவிட்டால் போதும். கூலிக்காரன் மகன் கூலிக்காரன் மகனாகவே வெல்லும் கதையைச் சீனமும் அரிதாகவே எழுதுகிறது, கோடம்பாக்கமும் அரிதாகவே எடுக்கிறது. லயத்துப் பிள்ளைக்கு இது கொடுக்கும் ஆறுதல் கள்ள ஆறுதல்.

இன்னொரு குறை, ஊர் இல்லாமை. ஆங்கில மொழிபெயர்ப்பில் யே சென் 'சார்லி வேட்' ஆகிறான், ஜின்லிங் நகரம் 'ஆரஸ் ஹில்' ஆகிறது. கதையில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும் கதை எந்த ஊரிலும் நடக்கவில்லை என்றே அர்த்தம்.

நமக்கு இந்தச் சரக்கு புதிதும் அல்ல. ஆறு ஆதாரங்கள், எட்டுச் சித்திகள், காயகற்பம் என்று ஏறுபடிகளைத் திருமூலர் மரபு வைத்திருக்கிறது. சித்தர் போகர் சீனம் போய்வந்த கதையும் உண்டு. தோட்டத்திலோ சிலம்பம் இருந்தது. பால்வெட்டி இறங்கியவர்கள் மாலையில் வாத்தியார் முன் நின்று காலடி பழகினார்கள். கற்ற வித்தை கோயில் திருவிழாவில் ஊர் பார்க்க அரங்கேறியது. தோட்டத்திலும் சாதி இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்த பலத்துக்கு ஊரார் சாட்சி, வாத்தியார் கடிவாளம். சாதகன் கதையில் இந்த இரண்டுமே இல்லை. சுற்றி நிற்பவர்கள் வாய்பிளக்க மட்டுமே படைக்கப்பட்டவர்கள், நாயகன் மேலே போகப் போக அவர்கள் எறும்பாகிறார்கள்.

தோட்டத்துத் தெய்வத்தைக் கதைக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு கெடாவின் லூனாஸ் பின்னணியில் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' (2019) நாவல் இருக்கிறது. அது தீவிர இலக்கியம், மிகைபுனைவு அல்ல. அந்தத் துணிவு வெகுஜன மிகைபுனைவுக்கும் வர வேண்டும். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் பக்கத்து இளைஞர்களே, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நீலாயில் அதுவும் போய் அடுக்குமாடி வந்த நிலத்தில் முனியாண்டி யாரைக் காவல் காக்கிறார் என்று எழுதுங்கள். நாயகனுக்குக் கோடீஸ்வரத் தாத்தா வேண்டாம். நூறு அத்தியாயத்தில் முடித்தும் விடுங்கள்.