ரெண்டு லட்ச ரூபாய் 'டப்'!

பாட்டு முடிகிறது. கடைசி வயலின் இழை அடங்கி, ஒரு நொடி அமைதி. அந்த அமைதிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் யாரோ பிளாஸ்டிக் டப்பா மூடியைத் திறந்த மாதிரி. லேப்டாப்பைச் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள். அதுவோ, ஒரு பாவமும் அறியாத பிள்ளை போலப் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

2019 நவம்பர் 13-ம் தேதி ஆப்பிள் கம்பெனி 16 அங்குல மேக்புக் ப்ரோவை அறிமுகம் செய்தது. இந்தியாவில் ஆரம்ப விலை 1,99,900 ரூபாய். (நூறு ரூபாய் குறைத்த கருணையைக் கவனிக்கவும்.) உள்ளே ஆறு ஸ்பீக்கர்கள். வூஃபர்களை முதுகோடு முதுகாக ஒட்டி, ஒன்றின் அதிர்வை இன்னொன்று அடித்துவிடும்படி அமைத்திருந்தார்கள். பெட்டி அதிராது, சத்தம் கலங்காது. விமர்சகர்கள் ஆகா என்றார்கள். அந்த 'ஆகா'வில் பொய் இல்லை. ஒரு லேப்டாப்பிலிருந்து அப்படிப்பட்ட சத்தம் அதற்கு முன்பு வந்ததில்லைதான்.

ஒரு மாதம் முடியவில்லை. 'டப்' புகார்கள் வர ஆரம்பித்தன. பாட்டை நிறுத்தினால் டப். வீடியோவைத் தள்ளி ஓட்டினால் டப். டிசம்பர் தொடக்கத்தில், ஆப்பிள் தன் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பவர்களுக்கு அனுப்பிய உள்குறிப்பு ஒன்று செய்தித் தளங்களில் கசிந்தது. அதன் சாரம் இதுதான்: ஆமாம், பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் இப்படி ஒரு சத்தம் வரலாம், விசாரித்துக்கொண்டிருக்கிறோம், வரப்போகும் சாஃப்ட்வேர் அப்டேட்களில் சரிசெய்வோம், இது சாஃப்ட்வேர் விவகாரம் என்பதால் ரிப்பேருக்கு எடுக்காதீர்கள், மெஷினையும் மாற்றித் தராதீர்கள்.

எந்தெந்த மென்பொருளில் சத்தம் வரும் என்றும் அந்தக் குறிப்பு சொன்னது. அதில் ஃபைனல் கட் ப்ரோவும் லாஜிக் ப்ரோவும் இருந்தன. ஒன்று சினிமா எடிட்டர்களுக்கானது, மற்றொன்று இசையமைப்பாளர்களுக்கானது. இரண்டுமே ஆப்பிளின் சொந்தச் சரக்கு. யாருக்காக அந்த மெஷினைச் செய்தார்களோ, அவர்கள் காதிலேயே டப்!

குறிப்பில் இருந்த யோசனை நியாயமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோளாறு சாஃப்ட்வேரில் என்றால், மெஷினை மாற்றிக் கொடுத்தாலும் புது மெஷினும் 'டப்' என்றுதான் சொல்லும். என் சண்டை வேறு. அந்தத் தகவல் யாருக்குப் போயிற்று? ரிப்பேர் கடைக்காரருக்கு. ரெண்டு லட்சம் கொடுத்தவருக்கு அல்ல. அவர் இரவெல்லாம் ஹெட்போனை மாட்டிக் கழற்றி, தன் காதில்தான் கோளாறோ என்று இ.என்.டி. டாக்டரிடம் போகாத குறை.

சத்தம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் இசை என்பது வெறும் எண்கள். ஒரு நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள், அதுவும் ஒவ்வொரு காதுக்கும் தனியாக. பிராசஸர் இவற்றை ஒவ்வொன்றாக ஸ்பீக்கருக்கு ஊட்டுவதில்லை. அதற்கு ஆயிரம் வேலை. எனவே ஒரு சின்னத் தொட்டியில் கொஞ்சம் நிரப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். தொட்டி காலியாவதற்குள் திரும்பி வந்து நிரப்ப வேண்டும். 512 எண்கள் பிடிக்கிற தொட்டி என்றால், 48,000 வேகத்தில் அது சுமார் 11 மில்லி செகண்டில் காலி. அதற்குள் பிராசஸர் வை-ஃபையோடு பேசிக்கொண்டிருந்தாலோ, பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கண்ணயர்ந்திருந்தாலோ, தொட்டி வறண்டுவிடும். தண்ணீர் நின்று வந்த குழாயைத் திறந்தால் 'புஸ்ஸ்... டப்... டப்' என்று காற்று வருமே, அதேதான். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இது பாட்டின் நடுவே வரும் டப். பாட்டு முடிந்தபின் வருவது பெரும்பாலும் வேறு ஜாதி. சத்தம் இல்லையென்றதும் பேட்டரிச் சிக்கனத்துக்காக லேப்டாப் தன் ஆம்ப்ளிஃபையரைத் தூங்கவைக்கும். தூங்கப் போகும்போதும் எழும்போதும் மின்னழுத்தம் ஒரு குதி குதிக்கும். அந்தக் குதியைத்தான் கேட்கிறோம். மூன்றாவது, 'கரகர'. குறிப்பிட்ட சுருதி வரும்போது மட்டும் கரகரக்கிறது, சத்தத்தைக் குறைத்தால் மறைகிறது என்றால் ஸ்பீக்கரிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். கூம்பு கிழிந்திருக்கும், காயில் உரசும், அல்லது காந்தத்தில் ஏதாவது துகள் ஒட்டியிருக்கும்.

சாஃப்ட்வேர்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2016-ல் வந்த மேக்புக் ப்ரோவில் சிலர் பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போட்டார்கள். ஆப்பிள் கொடுத்த சவுண்ட் டிரைவரில் கோளாறு. திடீரென்று உச்ச சத்தத்தில் ஒரு வெடிப்பு. பலருக்கு ஸ்பீக்கரே நிரந்தரமாகப் போய்விட்டது. அந்த நவம்பர் மாதக் கடைசியிலேயே புது டிரைவர் வந்தது. ஆனால் கிழிந்த ஸ்பீக்கரை எந்த அப்டேட்டும் தைத்துத் தராதே! 2018 மாடல்களில் இன்னொரு விதம்: யு.எஸ்.பி. வழியாக இசைக் கருவி இணைத்தவர்களுக்கு நடு நடுவே சத்தம் அறுந்தது. ஜூலையில் வந்த மெஷினுக்கு, அடுத்த மார்ச்சில் வந்த 10.14.4 அப்டேட்டில்தான் அதற்கு மருந்து. விண்டோஸ் வீட்டிலும் ராமாயணம் இதேதான். டெல் எக்ஸ்.பி.எஸ். மாதிரி உயர்விலை மாடல்களை வாங்கியவர்களும் பல வருடம் இந்தப் புகாரோடு அலைந்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும், ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரின் கையைப் பிடித்துக்கொண்டு விடாததுதான் காரணம்.

இனி பொம்மிடி. சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ரயில் நிற்கிற ஊர், சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தவணையில் வாங்கிய உயர்விலை லேப்டாப். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எடிட் செய்யும்போது டப், டப்.

"சார், தாலி கட்டற எடத்துல கெட்டி மேளம் வருது பாருங்க, அங்க ஒரு 'டப்'. தவுல்காரரோட அடியா, மெஷினோட அடியான்னு தெரியல. மூணு தடவ ரெண்டர் போட்டேன். கல்யாண வீட்ல குடுத்துட்டு, அவங்க டி.வி.யில போட்டு 'என்னங்க இது'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

இங்கேதான் விஷயம் வெறும் எரிச்சலைத் தாண்டுகிறது. சினிமா பார்க்கிறவனுக்கு டப் ஒரு கொசுக்கடி. காதை நம்பிப் பிழைக்கிறவனுக்கு, கேட்கிற சத்தம் ஃபைலில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் கை ஓடாது. தராசே ஆடினால் வியாபாரி என்ன செய்வார்?

சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டர். முதல் முறை, "சாஃப்ட்வேர் இஷ்யூ, அடுத்த அப்டேட்ல சரியாயிடும்." அப்டேட் வந்தது, டப் போகவில்லை. இரண்டாம் முறை, வேறு ஓர் ஆள்: "ஸ்பீக்கர் போயிடுச்சு. கீபோர்டோட சேர்ந்த மேல் பாகத்தையே மாத்தணும்." வாரண்டி முடிந்திருந்தது. சொன்ன தொகையில் அவர் ஒரு செகண்ட்ஹேண்ட் கேமரா வாங்கிவிடுவார்.

காப்பாற்றியவர் அவருடைய மாமா. ஊர்த் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிறவர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்றார். ஆனால் தொழில் தெரிந்தவர். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தன் அகுஜா ஆம்ப்ளிஃபையரில் சொருகினார். பெரிய பாக்ஸில் கெட்டி மேளம். அங்கேயும் 'டப்'! தெருவே திரும்பிப் பார்த்தது.

"மாப்ள, ஸ்பீக்கர் நல்லாத்தான் கீது. சத்தம் உள்ள இருந்தே வருது. எவன்டா மாத்தச் சொன்னான்?"

அடுத்து அதே ஃபைலை மருமகனின் செல்போனில் போட்டு, அதையும் ஆம்ப்ளிஃபையரில் கேட்டார். டப் இல்லை. ஆக, ஃபைலும் சுத்தம். ஐந்து நிமிடம், ஒரு ஒயர். சர்வீஸ் சென்டர் செய்யாத பரிசோதனை.

உங்கள் வீட்டிலும் இதையே செய்யலாம். ஹெட்போனிலும் டப் வந்தால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. ஹெட்போனில் சுத்தமாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால், சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைச் சந்தேகியுங்கள். உச்சத்தில் வைத்துச் சோதித்தால் நொண்டிக் குதிரையைச் சாகடித்த கதையாகும். சாஃப்ட்வேர் என்று தெரிந்துவிட்டால், மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. அதில் 44,100-ஐ 48,000 என்று மாற்றிப் பாருங்கள், அல்லது மறுதலையாக. 'கோர்ஆடியோடி' என்ற பின்னணி வேலையை நிறுத்தினால் அது தானாக மறுபடி பிறக்கும். சில சமயம் புத்தியோடு பிறக்கும். விண்டோஸில் சவுண்ட் அமைப்புகளில் 'என்ஹான்ஸ்மென்ட்' என்ற பெயரில் இருக்கும் அலங்காரங்களை முதலில் அணையுங்கள். அடங்கவில்லையென்றால் லேட்டன்ஸிமான் என்ற மென்பொருள், எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். சார்ஜரில் ஒரு தடவை, பேட்டரியில் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதும் நல்லது.

பொம்மிடித் தம்பிக்கு 48,000 மாற்றமும், எடிட் செய்யும்போது பிரவுசரை மூடிவைப்பதும் பலன் தந்தன. முழுக்க நின்றதா? வாரத்துக்கு ஒரு தடவை இன்னும் எட்டிப் பார்க்கிறதாம்.

மாமா கேட்ட ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. "என் ஹார்ன் யூனிட்டுல காயில் போனா, நாலு ஸ்க்ரூ கழட்டி டயாஃப்ரம் மாத்திடுவேன். இதுல ஏன் சார் எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருக்கான்?"

அந்த 2019 மேக்புக் ப்ரோவைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட், பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு ஒரு மார்க் போட்டது. கீபோர்டு, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் பசையாலோ ரிவெட்டாலோ பிணைக்கப்பட்டிருக்கின்றன, மெமரியும் ஸ்டோரேஜும் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன என்றது. மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி என்பார்கள். சரி, மெலிதுதான். ஆனால் பி.காம். படித்தவன் புத்தி போகுமா? வாரண்டிச் செலவுக்கென்று ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும். கோளாறு 'ஸ்பீக்கர்' என்றால் அந்த ஒதுக்கீட்டில் கை வைக்க வேண்டும். 'சாஃப்ட்வேர்' என்றால், எப்படியும் வரவிருக்கிற அப்டேட்டில் ஒரு வரி. வாரண்டி முடிந்தபின் 'ஸ்பீக்கர்' என்றால், செலவு நம் தலையில். ஒரே டப்தான். எந்தத் தேதியில் அடிக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. திட்டமே தேவையில்லை, கணக்கு தானாக அந்தப் பக்கம் சாய்கிறது.

நம் விமர்சகர்களும் இதில் கூட்டு. மூன்று நாள் இரவல் வாங்கி, அதிரடிப் பாட்டு ரெண்டு போட்டுக் கேட்டுவிட்டு ஐந்துக்கு நாலரை ஸ்டார். மூன்றாம் மாதம் வரும் டப்புக்கு யார் ஸ்டார் குறைப்பது? பிரித்தால் என்ன ஆகும், சேலத்தில் பார்ட் கிடைக்குமா என்று எந்த மதிப்புரையும் எழுதுவதில்லை. ஓர் எவர்சில்வர் குடம் வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து, "ஒட்டு விட்டா யார்ப்பா வைப்பா?" என்று கேட்கிற சனம்தானே நாம்?

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அதை விடக் கைக்கு எட்டுவது 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எதிராளி கம்பெனியின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொம்மிடிக்காரருக்கு தர்மபுரி போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. "தொழிலுக்கு வாங்கியதுதானே, நீ நுகர்வோர் இல்லை" என்று மடக்கினால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

அதற்கு முன்னால் ஒரு வேலை. சர்வீஸ் சென்டரில் 'சாஃப்ட்வேர் இஷ்யூ' என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தேதியோடு. டப்பையும் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை ஸ்பீக்கரில், ஒரு தடவை ஒயர் போட்டு வெளிப் பெட்டியில். பொம்மிடித் தம்பியிடம் முதல் விஜயத்தின் ஜாப் ஷீட் இருந்தது. இரண்டாம் விஜயத்தில் 'ஸ்பீக்கர் போச்சு' என்றவர் எழுதித் தரவில்லை. அதைக் கேட்டு வாங்க அடுத்த திங்கள்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு சேலம் ரயில் ஏறப்போவதாகச் சொன்னார். ஒயரும் போகிறதாம்.