கிங்ஸ் சர்க்கிளில் இணையம்: தமிழ்க் கல்வி பற்றிய ஒரு மறுபார்வை

தமிழ் இணையத்தின் வரலாற்றை எழுதியோர் அதனைப் பெரிதும் ஆக்கியோர் வரலாறாகவே எழுதியுள்ளனர். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஏற்றினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம்99 மாநாடு 'தாம்', 'தாப்' குறியேற்றங்களுக்கும் தமிழ்99 விசைப்பலகைக்கும் வழிவகுத்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. இவ்வாறு மாநாட்டுக்கு மாநாடு அவ்வரலாறு நகர்கிறது. பயன்கொண்டோர் யாவர், எவ்விடத்திலிருந்து எவ்வாறு பயன்கொண்டனர் என்னும் வினாக்கள் அதில் இடம்பெறுவது அரிது. ஆயினும், 'இணையம் தொலைவை அழித்தது; தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழரின் மொழிக்கல்வியைக் காத்தது' என்னும் முடிவு மட்டும் ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் காணப்படுகிறது. அம்முடிவை மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் என்னும் ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மகேஸ்வரி உத்யான் என்னும் வட்டப் பூங்காவைச் சுற்றி அமைந்த கிங்ஸ் சர்க்கிளின் ஒருபுறம் மாட்டுங்கா. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் வேரூன்றிய பகுதி அது. 1887இல் நிறுவப்பெற்ற வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும், 1933இல் தொடங்கி இன்று தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் அருகிலேயே உள்ளன. மறுபுறம், நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், தாராவி. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்ற தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வாழும் இடம் அது. இடையே நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள். ஓர் ஆண்டு பயின்ற பாடநூலை விற்று அடுத்த ஆண்டுக்குரியதை வாங்கும் மாணவரால் அக்கடைகள் வாழ்ந்தன. இணையத்துக்கு முன்னரே அங்கு அறிவுப் பரிமாற்ற வலை ஒன்று இயங்கிவந்தது எனின் மிகையன்று.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. மாணவர்க்கென அது வழங்கிய குறைந்த கட்டண இணைப்பு வெறும் எழுத்துருவிலானது. படம் தெரியாது, தனி எழுத்துருக்களைக் காட்டாது. ரோமன் எழுத்தன்றி வேறெழுத்து அத்திரையில் தோன்ற வழியில்லை. ஆகவே இணைய வாயிலைத் தட்டிய முதல் தலைமுறைத் தமிழ் மாணவர் தம் மொழியை அங்கு எழுத்தின்றியே கண்டனர். இச்செய்தி தமிழ் இணைய வரலாறுகளில் உரிய அழுத்தம் பெறவில்லை என்பது வியப்புக்குரியது.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. பின்னர் சைபர் கஃபேக்கள் பெருகின. அங்கும் இடையூறு நீங்கவில்லை. ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்த காலம் அது. எழுத்துருவை இறக்கி நிறுவாவிடில் திரையில் பொருளற்ற குறிகளே நிறையும். சொந்தக் கணினி உடையவர் நிறுவிக்கொண்டார். மணிக்கணக்கில் வாடகை கொடுத்தவருக்கோ அது பிறர் கணினி. குறியேற்றச் சிக்கலைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் காண்போர் இங்குத் தவறுகின்றனர். அது வகுப்புச் சிக்கலும் ஆகும்.

இதிலிருந்து ஒரு முரண் புலப்படுகிறது. மாட்டுங்காவின் நடுத்தரக் குடும்பங்களில் கணினி முதலில் நுழைந்தது. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளைகளிற் பலர் ஆங்கிலவழியில் பயின்று, தமிழைப் பேசுவதோடு நின்றவர்கள். தாராவியின் தமிழ்வழி மாணவர் எழுத்தறிந்தவர். அவரிடம் கணினி இல்லை. விதிவிலக்குகள் இருப்பினும் பொதுநிலை இதுவே. எனவே தொலைவு அழிந்தது உண்மையெனினும், அழிந்தது மும்பைக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவேயன்றி, மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடைப்பட்டதன்று.

இந்நிலையில் தமிழ்க் கல்விக்கென எழுந்த இரு பெருமுயற்சிகளை மதிப்பிடலாம். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. சங்க நூல் முதல் தற்கால நூல் வரை கட்டணமின்றி வழங்கியது. அதன் பயனை இக்கட்டுரையாளரும் நன்றியுடன் நுகர்ந்துள்ளார். ஆயினும் அது நூலகம். படிக்கத் தெரிந்தவர்க்கே திறக்கும். 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், அக்குறையை நிரப்பச் சான்றிதழ், பட்டயம், பட்டம் எனப் படிநிலைகளை வகுத்தது. உலகெங்கும் வாழும் தமிழரே அதன் இலக்கு. மும்பைத் தமிழர் அத்தொடரில் அடங்குவர் என்பது சொல்லளவில் சரியே. ஆனால் அவர் வெளிநாட்டவரும் அல்லர், தமிழ்நாட்டவரும் அல்லர். தமிழ்வழியில் தொடக்கக் கல்வி பெற்று, இடையிலே மராத்திக்கோ ஆங்கிலத்துக்கோ மாற நேரும் மாணவருக்கு அகரவரிசையும் வேண்டா. இலக்கணப் பட்டப்படிப்பும் உடனே வேண்டா. வரலாற்றையும் அறிவியலையும் தமிழில் கற்றதைப் புதிய பயிற்றுமொழிக்குக் கொண்டுசெல்லும் இணைப்புப் பாடமே அவருக்குத் தேவை. அத்தேவையை அப்படிநிலைகள் எதிர்பார்க்கவில்லை.

எழுத்தாளர் நிலை வேறு. 1999இல் தோன்றிய 'திண்ணை' இணைய இதழில் மும்பையின் புதியமாதவி போன்றோர் எழுதினர். சென்னை அச்சிதழ்களின் வாயிலில் காத்திராமல் வாசகரை அடைய அவர்களுக்கு வழி கிடைத்தது. இணையம் இங்கு ஆற்றிய பணி ஐயத்துக்கு இடமற்றது.

ஒருங்குறி பரவலானபின் எழுத்துருத் தடை நீங்கியது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. இன்று தாராவியிலும் கைப்பேசியில் தமிழ் எழுத்து தடையின்றித் தெரிகிறது. எனினும் இளையோர் தமிழ்ச் செய்திகளை ரோமன் எழுத்திலேயே தட்டெழுதுதல் கண்கூடு. 1995இல் கருவியின் குறையால் நேர்ந்தது, குறை நீங்கியபின்னும் பழக்கமாக நிலைத்துள்ளது. இப்பழக்கம் ஆங்கிலவழி மாணவரிடம் மட்டும் உள்ளதா, மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி மாணவரிடமும் பரவியுள்ளதா என்பதைக் கள ஆய்வு ஒன்றே தெளிவுறுத்த இயலும். அப்பள்ளிகளில் மாணவர் எஞ்சியிருக்கும்போதே அவ்வாய்வு நிகழ்தல் வேண்டும்.