எவ்வளவு என்று யார் பார்த்தது?

சாம்பல் குழந்தை நோய்க்குறி பற்றி எங்கே வாசித்தாலும் எனக்கு ஒரு குறை. குளோராம்பெனிகால் கெட்ட மருந்து என்று கதையை முடித்துவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் 1959-இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு பிறந்த குறைமாதக் குழந்தைகள். தொற்று வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கொடுத்த மருந்து. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள்.

கொடுத்தது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும். பிறந்த குழந்தையின் கல்லீரல் அதைக் கழிக்கத் திணறும், ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். பிற்பாடு அந்த அளவை 25 ஆக்கினார்கள். மருந்து அதேதான்.

இப்போது ஜென்டாமைசினுக்கு வருவோம். 3 கிலோ குழந்தை, கிலோவுக்கு 5 என்றால் 15 மில்லிகிராம். மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள குப்பியில் அது 1.5 மில்லி, 40 உள்ள குப்பியில் 0.375 மில்லிதான். குப்பி மாறியது தெரியாமல் 1.5 மில்லி இழுத்தால் நாலு மடங்கு. அடி விழுவது சிறுநீரகத்துக்கும் காதுக்கும்.

இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியவர் மருந்தாளுநர். நம்ம எழுத்துகளில் அவர் இன்னும் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள். ராத்திரி ரெண்டு மணிக்கு, வார்டில் நர்சம்மா தனியாகக் கணக்குப் போடுகிற இடத்தில், அவர் வருவதே இல்லை.