எட்டு வருஷக் கணக்கு

பி.ஏ. கடைசி வருஷத்தில் ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ எங்களுக்குப் பாடமாக இருந்தது. லேடி ரஸ்ஸலின் பாத்திரத்தைப் பற்றிய கேள்விக்கு, காதலர் இருவரைப் பிரித்துவைத்த உலகியல் விவேகத்தின் பிரதிநிதி அவள் என்று நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். பதினைந்து வருஷம் கழித்து நாவலை மறுபடி படித்தபோது அந்த விடை தவறு என்று தெரிந்தது. அதைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கதை சிறியது. 1806இல், 19 வயது ஆன் எலியட், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை மணக்கச் சம்மதிக்கிறாள். தாயில்லாத அவளுக்குத் தாய் ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸ்ஸல், வேண்டாம் என்கிறாள். ஆன் பணிந்துவிடுகிறாள். அவன் கோபத்தோடு போய்விடுகிறான். 1814இல், எதிரிக் கப்பல்களைப் பிடித்ததில் கிடைத்த பங்குப் பணம் 25,000 பவுண்டுடன் அவன் திரும்புகிறான். அவளுக்கு இப்போது 27 வயது. முகத்தின் களை போய்விட்டது. வீட்டில் அவள் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. அப்பா கடனில் மூழ்கி மாளிகையை வாடகைக்கு விட, குடிவருகிறவள் வென்ட்வொர்த்தின் அக்கா. இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டியதாகிறது.

பிரிந்தவர் கூடும் கதை நமக்குப் புதிதல்ல. நம் தொடர்கதைகளில் இதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. பிரித்தவர் மூன்றாம் மனிதர்; அவர் மனம் மாற வேண்டும், அல்லது சாக வேண்டும். இடையில் கட்டிக்கொண்டவள் இருந்தால் அவளும் சாக வேண்டும். அப்புறம் மழை. காதலர் இருவரும் களங்கமில்லாமல் முதல் அத்தியாயத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள். நடுவில் போன வருஷங்களுக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை. வாசகன் கேட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த மூன்றாம் மனிதர்.

ஆஸ்டின் கேட்கிறார். ‘பெர்சுவேஷன்’ என் வரையில் ஒரு காதல் கதை என்பதைவிட ஒரு கணக்குத் தீர்ப்பு. தொழில் புத்தி என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த நாவலை ஆஸ்டின் எழுதியது 1815 ஆகஸ்டுக்கும் 1816 ஆகஸ்டுக்கும் இடையில். அவருடைய அண்ணன் ஹென்றியின் பாங்க் முறிந்தது 1816 மார்ச்சில். ஆஸ்டினுக்குப் போனது சிறு தொகை. உறவினர் சிலருக்குப் பெரும் தொகை. மானம் போகாமல் செலவைக் குறைப்பது எப்படி என்று எலியட் குடும்பம் விவாதிக்கிற அத்தியாயங்களை வெறும் நையாண்டியாக என்னால் படிக்க முடிவதில்லை.

நாவலின் திருப்பம் டார்செட் கடற்கரையில், லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் நிகழ்கிறது. ஆஸ்டின் 1803லும் 1804லும் அங்கே போயிருக்கிறார். தன் பாத்திரங்களை அவர் அழைத்துப்போவது நவம்பரில், சீசன் முடிந்த பிறகு. கடல் குளிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள், கேளிக்கை அறைகள் மூடிக் கிடக்கின்றன, ஊர்க்காரர்கள் மட்டுமே மிச்சம். ஆனும் சீசன் முடிந்தவள்தான். ஆஸ்டின் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கடற்காற்றில் அவள் முகத்தில் நிறம் திரும்புகிறது. வழியில் எதிர்ப்பட்ட அந்நியன் ஒருவன் அவளை நின்று பார்க்கிறான். அவன் பார்ப்பதை வென்ட்வொர்த் பார்க்கிறான். பிறகு அவளைப் பார்க்கிறான். சற்று மட்டமான ஆரம்பம்தான். மனித மனம் அப்படித்தான் இருக்கிறது என்பதால் ஆஸ்டின் அதை அழகுபடுத்தாமல் விட்டுவிடுகிறார்.

அந்த ஊரின் வளைந்த கல் அலைதடுப்பை ‘காப்’ என்கிறார்கள். அதன் படியிலிருந்துதான் லூயிஸா விழுகிறாள். 1867இல் லைமுக்கு வந்த டென்னிஸன், ஊரின் சரித்திர இடங்களையெல்லாம் விட்டுவிட்டு லூயிஸா விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னதாக ஒரு பிரசித்தமான கதை உண்டு. இடத்தைக் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லூயிஸா முதல் தடவை குதித்தபோது விழவில்லை. வென்ட்வொர்த் பத்திரமாகப் பிடித்துக்கொண்டான். இன்னொரு தடவை என்று படியேறுகிறாள். அவன் வேண்டாம் என்கிறான்; அவள் தீர்மானித்துவிட்டேன் என்கிறாள். அரை விநாடி முந்திக் குதிக்கிறாள், கல்லில் விழுகிறாள். எடுத்த முடிவில் அசையாத பெண்ணே உயர்ந்தவள் என்று கொஞ்ச நாள் முன்னால் அவளிடம் பேசியவன் வென்ட்வொர்த்தான். பணிந்துபோன ஆன் மேலிருந்த கோபம் அந்தப் பேச்சில் இருந்தது. பிடிவாதம் எதில் கொண்டுவிடும் என்பதை இப்போது அவன் காலடியில் பார்க்கிறான். எல்லோரும் நிலைகுலைந்து நிற்க, டாக்டருக்கு ஆள் அனுப்பச் சொல்வது ஆன்.

இரண்டாம் தடவையைப் பற்றிய நாவலில் இரண்டாம் தடவை குதித்தவள் மண்டையில் அடிபடுகிறாள் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முதல் தடவை நடந்ததை அப்படியே திரும்ப நடத்த ஆசைப்படுவது வேறு, இரண்டாவது வாய்ப்பு வேறு. தொடர்கதைகள் தருவது முதலாவதை.

லைமில் இன்னொருவனும் இருக்கிறான். கேப்டன் பென்விக், நிச்சயித்த பெண்ணை மரணத்துக்குக் கொடுத்தவன். ஸ்காட்டையும் பைரனையும் படித்து உருகிக்கொண்டிருக்கிறான். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதற்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்து வளர்ந்த நமக்கு அவனே கதாநாயகனாகத் தோன்றுவான். ஆன் அவனுக்குச் செய்யும் சிபாரிசு, கொஞ்சம் உரைநடையும் படி என்பது. சில மாதங்களில், தேறிவரும் லூயிஸாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகிவிடுகிறது. உரக்க இரங்கியவன் முதலில் மறந்தான். எட்டு வருஷம் வாயே திறக்காதவள் மறக்கவில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். லூயிஸாவுக்கு வென்ட்வொர்த் பட்டிருந்த தார்மீகக் கடனைப் பென்விக் வந்து அடைத்துவிடுகிறான். இது சௌகரியமான ஏற்பாடு. ஆன்மேல் கண் வைத்த எலியட்டின் யோக்யதையை அம்பலப்படுத்த ஒரு பழைய தோழியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அப்படித்தான். சௌகரியங்களை ஆஸ்டினே உணர்ந்திருந்தார் என்பதற்குக் கையெழுத்துப்பிரதி சாட்சி. 1816 ஜூலையில் அவர் முடித்த முதல் முடிவில், ஆன் எலியட்டை மணக்கப்போகிறாளா, மாளிகையைக் காலிசெய்ய வேண்டியிருக்குமா என்று வென்ட்வொர்த் தன் அக்கா புருஷனுக்காகக் கேட்கிறான். இல்லை என்கிறாள், இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், முடிந்தது. ஒரு வாடகை விசாரணையில் எட்டு வருஷம் தீர்ந்துபோகிறது. ஆஸ்டினுக்கு இது பொறுக்கவில்லை. ஆகஸ்டுக்குள் மாற்றி எழுதினார். தள்ளப்பட்ட பக்கங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

மாற்றி எழுதியதில், ஒரு விடுதி அறையில், யார் சீக்கிரம் மறக்கிறார்கள், ஆணா பெண்ணா என்று கேப்டன் ஹார்விலோடு ஆன் வாதிக்கிறாள். அருகே கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுகிறது. கொஞ்சம் பொறுத்து ஆன் சொல்கிறாள்: புத்தகங்களைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், பேனா இதுவரை ஆண்கள் கையில்தான் இருந்திருக்கிறது. பழைய முடிவில் ஒரு கேள்விக்கு இல்லை என்று சொன்னவள், புதிய முடிவில் வாய் திறந்து பேசுகிறாள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகுதான் அவன் கடிதம் வருகிறது. நாவல் முழுக்க யாருமே காதுகொடுக்காத ஒரு பெண்ணின் குரல் ஒருவன் காதில் விழுவதுதான் இந்த நாவலின் இரண்டாவது வாய்ப்பு. சந்தர்ப்பம் அல்ல.

ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. அதை எனக்குக் காட்டியது என் அக்கா. அவளை ஒருவர் விரும்பிக் கேட்டபோது, நிரந்தர வேலை இல்லை என்று அப்பா மறுத்துவிட்டார். அவருக்கு மூன்றாம் வருஷமே வேலை நிரந்தரமாயிற்று. அக்கா அப்புறமும் இரண்டு வருஷம் கல்யாணமாகாமல்தான் இருந்தாள். பிறகு வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள், நன்றாக இருக்கிறாள். நாங்கள் அப்பாவைத்தான் குற்றம் சொன்னோம், அவர் போன பிறகும். இந்த லீவில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டாள் என்று கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள். “ஏண்டா, அவனுக்கு எப்ப பணம் வந்தது?”

“ரெண்டு வருஷத்திலேயே வர ஆரம்பிச்சுடுத்து.”

“அப்பவே ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாவலின் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் வென்ட்வொர்த் இதையேதான் கேட்கிறான். 1808இல், சில ஆயிரம் பவுண்டும் ஒரு நல்ல கப்பலும் கைக்கு வந்தபோது நான் எழுதியிருந்தால் பதில் எழுதியிருப்பாயா? எழுதியிருப்பாள். ஆகவே எட்டு வருஷத்தில் ஆறு வருஷம் அவன் கணக்கில் ஏறுகிறது. லேடி ரஸ்ஸலைவிடப் பெரிய எதிரி தானே என்று அவன் ஒப்புக்கொள்கிறான். கிடைத்த நன்மையெல்லாம் தன் உழைப்பின் கூலி என்று எண்ணிப் பழகியவன், தகுதிக்கு மேற்பட்ட சந்தோஷத்தை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது. ஆனும் தன் பக்கத்தைச் சொல்கிறாள்: அந்த யோசனை தவறு, ஆனால் தாய் ஸ்தானத்தில் இருந்தவளுக்கு அன்று பணிந்தது தவறல்ல. பரீட்சைத் தாளில் என்னால் சேர்த்துப் பார்க்க முடியாத இரண்டு வாக்கியங்கள் இவை.

வென்ட்வொர்த் பணம் இல்லாமல் திரும்பியிருந்தால்? நாவலில் பதில் இல்லை. 25,000 பவுண்டை ஆஸ்டின் ஒளிக்கவும் இல்லை. ஆனால் 1808இலும் பணம் இருந்தது, அவர்கள் சேரவில்லை. பணம் கதவைத் திறந்து வைக்கும், உள்ளே போக வேறு ஒன்று வேண்டும். போனதில் என் பங்கு இவ்வளவு என்று சொல்லத் தெரிகிறவனுக்கே இரண்டாவது வாய்ப்பு. ஆறு வருஷத்தை அவன் தன் பெயரில் எழுதிக்கொள்ளாமல் இருந்திருந்தால் ‘பெர்சுவேஷ’னும் இன்னொரு தொடர்கதையாகத்தான் இருந்திருக்கும். என் பழைய விடைத்தாளுக்கு இன்று நான் பாதி மார்க்குக்கு மேல் போட மாட்டேன்.