ஃபில்டர் மன்னிக்கும் இரைச்சல்

தொலைபேசிக் குரலின் தரத்துக்கு மதிப்பெண் போடும் மென்பொருள்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அல்காரிதத்தைச் சுற்றியே நடக்கிறது. அந்த அல்காரிதத்துக்கு முன்னால், வாசலில் ஒரு ஃபில்டர் நிற்கிறது. உள்ளே எது போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்வது அந்த வாசல்காரர்தான். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் வரலாறு. குரல் தரத்தை அளக்கப் பழைய வழி, ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்வது. மிக நன்று என்றால் 5, படுமோசம் என்றால் 1. எல்லோரும் கொடுத்ததன் சராசரிதான் எம்.ஓ.எஸ். ஆனால் கேட்பவர் கையில் எந்த ரிசீவர் இருக்கிறது? ஒன்றில் கணீரென்று வரும் குரல் இன்னொன்றில் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது மாதிரி வரும். ஆகவே ஒரு பொதுத் தொலைபேசியை வரையறுத்தார்கள். அதுதான் ஐ.ஆர்.எஸ். எனப்படும் இடைநிலை ஒப்பீட்டு அமைப்பு. 1970களில் வந்தது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.48 பரிந்துரையில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைய வேண்டும் என்று அட்டவணையாகவே இருக்கிறது. அந்தப் பரிந்துரை கடைசியாகத் திருத்தப்பட்டது 1988இல்.

அந்த வளைவைப் பார்த்தால் தொலைபேசியின் குணம் புரிந்துவிடும். அது இடம் கொடுப்பது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. அடித்தொனிகள் அதற்குக் கீழே அடங்கிப்போகும். ‘ஸ்’ போன்ற சீறும் ஒலிகளின் பெரும்பகுதி மேலே வெட்டுப்படும். டிஜிட்டல் கோடெக்குகளைச் சோதிக்க 1996இல் வந்த பி.830, ஓரங்களைக் கொஞ்சம் தளர்த்திய ‘மாற்றப்பட்ட ஐ.ஆர்.எஸ்.’ ஒன்றைக் கொடுத்தது. ஜி.191 என்ற மென்பொருள் தொகுப்பில் இவற்றின் நிரல்கள் கிடைக்கின்றன.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு நாட்டு ஆய்வகங்கள் தத்தம் ரிசீவரை வைத்துச் சோதித்திருந்தால் ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. ஆளாளுக்கு ஒரு படி வைத்து அரிசி அளந்த கதைதான். எல்லோருக்கும் ஒரே படி கொடுத்தது ஐ.ஆர்.எஸ். என் புகார் வேறு. அந்தப் படி எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டோம்.

2001இல் பி.862 என்ற பரிந்துரையாக பெஸ்க் வந்தது. பிரிட்டிஷ் டெலிகாமின் முறையையும் நெதர்லாந்து கே.பி.என்.னின் முறையையும் இணைத்து உருவானது. சுத்தமான மூலக் குரல், நெட்வொர்க் வழியே அடிபட்டு வந்த குரல் இரண்டையும் ஒப்பிட்டு எண் தரும். ஒப்பிடும் முன் இரண்டையும் ரிசீவரைப் போன்ற ஒரு ஃபில்டர் வழியே அனுப்பும். கேட்பவர் காதில் ரிசீவரை வைத்திருக்கிறார் என்பது அதன் அனுமானம்.

இப்போது ஒரு குரல் பதிவில் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தைக் கலந்து பாருங்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும், எரிச்சலாக இருக்கும். பெஸ்க் அதை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. ஃபில்டர் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இது பிழையா? பழைய ரிசீவரில் கேட்பவருக்கு அது கேட்டிருக்காது, அந்த வகையில் மென்பொருள் சொன்னது சரி. ஹெட்ஃபோனில் கேட்பவருக்குத் தவறு. எண் மட்டும் ஒன்றேதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒலி அளவு. பெஸ்க் இரண்டு குரல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடும். வயதான ஒருவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு “சத்தமே கேக்கலப்பா” என்று சொல்லும் அழைப்புக்கும் இதனால் நல்ல மதிப்பெண் வரலாம். ஒலிக் குறைவு, தாமதம், எதிரொலி, பேசுபவர் குரல் அவர் காதிலேயே திரும்பக் கேட்பது ஆகியவை இந்த எண்ணில் வராது என்று பி.862 தானே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆவணம் நேர்மையாகத்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் ‘அழைப்பின் தரம் இவ்வளவு’ என்று அறிக்கை எழுதுபவர்கள்தான் பிரச்சினை.

பெயர்க் குழப்பம் தனிக்கதை. ஒரு கோப்பை அதே கோப்போடு ஒப்பிட்டால் முழு மதிப்பெண் வரணும், இல்லையா? பி.862இன் மூல எண் 4.5 தரும். அதை எம்.ஓ.எஸ். அளவுக்கு மாற்றும் பி.862.1 சுமார் 4.55 தரும். அகன்ற அலைவரிசைக்காக 2005இல் வந்த பி.862.2 சுமார் 4.64 தரும். கடைசியது ரிசீவர் ஃபில்டரையே விட்டுவிட்டு ஹெட்ஃபோனுக்கு ஏற்ற வேறொன்றை வைக்கிறது. மூல எண் 2.5 என்றால் பி.862.1 அதை 2.1 ஆக்கிவிடும். ஆக, ‘பெஸ்க் மதிப்பு 2.5’ என்று மொட்டையாக எழுதினால் எந்தப் படியில் அளந்தது என்றே தெரியாது.

இன்று இரைச்சல் நீக்கும் நியூரல் நெட்வொர்க்குகள் பல இந்த எண்ணைக் கூட்டுவதையே குறிக்கோளாக வைத்துப் பயிற்சி பெறுகின்றன. எதைத் தேர்வுக்குக் கேட்க மாட்டார்களோ அதைப் படிக்காமல் விடுகிற மாணவன் மாதிரி, ஃபில்டர் மன்னிப்பதை நெட்வொர்க்கும் சரிசெய்யாமல் விட வாய்ப்பிருக்கிறது. 2011இல் வந்த பி.863, அதாவது போல்கா, ஒலி அளவையும் அகன்ற அலைவரிசையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதற்கும் ஒரு கற்பனைக் கேட்பவர் உண்டு.

‘புறவயமான’ சோதனை என்ற சொல்லை நாம் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறோம். அதன் பொருள், யார் அளந்தாலும் அதே எண் வரும் என்பது மட்டுமே. எதை அளக்க வேண்டும் என்று ஒரு குழு என்றோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவு ஃபில்டருக்குள் உறைந்து கிடக்கிறது. எனவே அடுத்த முறை இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பரிந்துரை, எந்த ஃபில்டர், யாருடைய காது? மூன்றுக்கும் பதில் இல்லாத அட்டவணையை வைத்து எந்த நெட்வொர்க் சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.