ஒரு பரிசோதனை, இரண்டு உயிர்: ஒரு மனத்தாங்கல்

கர்ப்பிணியை நம்ம ஊரில் ஈருயிர்க்காரி என்போம். அதனாலோ என்னவோ, ‘ஒரு பரிசோதனை. இரண்டு உயிர்கள்.’ என்ற பெயரைப் பார்த்ததுமே மனசில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் சி.டி.சி., அதாவது நோய்க் கட்டுப்பாட்டு மையம், மகப்பேறு மருத்துவர்களை நோக்கி நடத்திய பிரச்சாரம் அது. கர்ப்பமாக வரும் எல்லாப் பெண்களுக்கும் ஆரம்பத்திலேயே ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிடுங்கள் என்பதுதான் செய்தி.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அது பேசும் ஆள். எய்ட்ஸ் விளம்பரம் என்றாலே பொதுமக்களுக்குத்தான் உபதேசம் நடக்கும். இது டாக்டரிடம் பேசுகிறது. அதற்குக் காரணம் இருக்கு.

1994-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் தாய்க்கும், பிறந்தபின் ஆறு வாரம் குழந்தைக்கும் ஸிடோவுடின் மருந்து கொடுத்தார்கள். குழந்தைக்குத் தொற்றும் விகிதம் 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைந்தது. மருந்து கைக்கு வந்தாச்சு. ஆனா யாருக்குக் கொடுப்பது என்று தெரியணுமே! “இவங்க குடும்பப் பெண், இவங்களுக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?” என்று டாக்டர் முகத்தைப் பார்த்து எடை போட்டால், கணவனிடமிருந்து தொற்று வந்ததே தெரியாத பெண் தப்பிப்போவாள். அதனால்தான் 2006-ல் சி.டி.சி., மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துவிடுங்கள், அவர் மறுத்தால் மட்டும் விடுங்கள், தனிக் கையெழுத்து வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எல்லோருக்கும் செய்யும்போது “என்னை மட்டும் ஏன்?” என்ற அவமானம் யாருக்கும் இல்லை. இதுவரை எனக்கு முழுச் சம்மதம்.

மனத்தாங்கல் இரண்டு.

முதலாவது, மௌனம் சம்மதம் என்ற பழைய கணக்கு. அதே 2006 பரிந்துரை, ஹெச்.ஐ.வி. என்றால் என்ன, முடிவுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கணும், கேள்வி கேட்கவும் மறுக்கவும் வாய்ப்புத் தரணும் என்கிறது. வாய்மொழியாகவோ எழுத்திலோ சொன்னால் போதுமாம். அவசரத்தில் ஓடும் ஒரு கிளினிக்கில் இது ஒரு துண்டுப்பிரசுரமாகச் சுருங்க எவ்வளவு நேரமாகும்? டாக்டர் எதிரில் உட்கார்ந்து “வேண்டாம்” என்று சொல்வதும் லேசில்லை.

இரண்டாவது பெரியது. இரண்டு உயிர் என்கிறார்களே, இரண்டும் சமமாகவா எண்ணப்படுது? பரிசோதனை யாரையும் காப்பாற்றாது, சிகிச்சைதான் காப்பாற்றும். 1994 ஆய்வில் தாய்க்கு மருந்து பிரசவத்தோடு நின்றது, குறி குழந்தைமேல்தான். இன்றைக்குத் தாய்க்கு வாழ்நாள் சிகிச்சை வேணும் என்பதில் சந்தேகமில்லை. ஆனா ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு, பிரசவத்துக்குப் பிறகு 60 நாள்தான் கட்டாயம் என்று பல வருஷம் இருந்தது. 2022-க்குப் பிறகுதான் பெரும்பாலான மாநிலங்கள் அதை ஒரு வருஷமாக நீட்டின. 61-ஆம் நாள் அந்தத் தாய் எந்த உயிர்?

பிரச்சாரத்தை நான் குறைசொல்லி ஒதுக்கவில்லை. டாக்டர்கள் சோதிக்கட்டும், ஒருத்தரையும் விடாமல் சோதிக்கட்டும். முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், குழந்தை பிறந்த பிறகும் அந்த அம்மாவுக்கு அடுத்த அப்பாயிண்ட்மென்ட் எங்கே, மாத்திரைக்குப் பணம் யார் தருவார் என்பதையும் அன்றைக்கே எழுதிக் கொடுக்கட்டும். அப்போதான் கணக்கில் இரண்டு உயிர் வரும்.