இலத்தீன் நெடுங்கணக்கின் தோற்றமும் வளர்ச்சியும்

எழுத்து முறைகளுள் இலத்தீன் நெடுங்கணக்கே நிறைவு வாய்ந்தது என்றும், அந்நிறைவு காரணமாகவே அஃது உலகெங்கும் பரவிற்று என்றும் கூறுவார் உளர். பிறமொழியாளரும் தத்தம் எழுத்தைக் கைவிட்டு அதனையே மேற்கொள்ளல் வேண்டும் என்னுங் கொள்கை இக்கூற்றின்மேல் எழுந்ததாகும். அவ்வெழுத்தின் வரலாறு இக்கூற்றுக்கு அரண் செய்யுமா என்பது ஆராயற்பாலது.

இலத்தீன் எழுத்து உரோமர் தாமே கண்டதன்று. பினீசியரிடம் வழங்கிய 22 எழுத்துக்களும் மெய்யொலிகளையே குறித்தன. கி. மு. 8ஆம் நூற்றாண்டளவில் அவற்றை வழங்கத் தொடங்கிய கிரேக்கர், தம் மொழிக்கு வேண்டாத மெய்யெழுத்துக்கள் சிலவற்றை உயிரெழுத்துக்களாக்கினர். இயூபியாத் தீவினின்றும் போந்து இத்தாலியிற் கூமே முதலிய இடங்களிற் குடியேறிய கிரேக்கரிடமிருந்து எற்றூஸ்கரும், எற்றூஸ்கர் வழியாக உரோமரும் எழுத்தைப் பெற்றனர்.

இங்ஙனம் கைமாறி வந்தமையால் விளைந்த இடர்ப்பாட்டுக்கு ஓர் எழுத்தின் வரலாறே சான்றாகும். கிரேக்க நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகிய 'காமா', 'தங்கம்' என்னுஞ் சொல்லில் வரும் ககரத்தின் ஓசையைக் குறிப்பது. 'கல்' என்பதில் வரும் ககரத்தினின்றும் இவ்வோசையைப் பிரித்தறியும் வழக்கம் எற்றூஸ்கர் மொழியில் இல்லை. ஆதலின், அவர் காமாவையும் வல்லோசைக்கே வழங்கினர். அதுவே இலத்தீனிற் 'சீ' என்னும் எழுத்தாயிற்று. 'கே', 'கியூ' என்பனவும் அவ்வோசைக்கே உரியனவாதலின், உரோமர் ஓரோசைக்கு மூன்றெழுத்தும் மற்றை ஓசைக்குத் தனியெழுத்தின்மையும் பெற்றனர். தமிழில் ஒரு ககரமே ஈரோசைக்கும் நிற்பினும், ஓசை பெரும்பாலும் இடம்பற்றி அமைதலின் மயக்கமில்லை. இலத்தீனிலோ ஓசை வேறுபடப் பொருளும் வேறுபடும். உரோம மன்றத்தில் 1899இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட தொன்மையான கல்வெட்டில், 'அரசனுக்கு' எனப் பொருள்படுஞ் சொல்லின் மெல்லோசைக் ககரம் 'சீ'யாலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இக்குறை கி. மு. 3ஆம் நூற்றாண்டளவில் நீங்கிற்று. 'சீ'யிற் சிறு கோடொன்று சேர்த்து 'ஜீ' என்னும் எழுத்து ஆக்கப்பட்டது. அதனை ஆக்கியவர், அடிமை நிலையினின்றும் விடுதலை பெற்றுப் பள்ளி நடாத்திய ஸ்பூரியஸ் காவிலியஸ் என்பார் எனப் புளூட்டாக் கூறுவர். வேண்டாதென விலக்கப்பட்ட 'இசட்' இருந்த ஏழாம் இடத்தில் அது அமர்ந்தது. பின்னர்க் கிரேக்கச் சொற்களை எழுதும்பொருட்டு 'இசட்' மீண்டபோது இறுதியிலேயே இடம்பெற்றது. எனினும், 'காயுஸ்' என்னும் பெயரின் குறுக்கத்தைச் 'சீ'யால் எழுதும் பழைய வழக்கு மாறவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது பேரரசன் குளோடியஸின் முயற்சி. அவன் கி. பி. 47-48இல் மூன்று புதிய எழுத்துக்களைப் புகுத்தினான். அவற்றுள் ஒன்று, உகரத்தினின்றும் வகரத்தைப் பிரித்துக் காட்டுவது, மொழிக்கு வேண்டுவதே. ஆயினும், அவன் இறந்தபின் மூன்றும் வழக்கொழிந்தன. 'யூ', 'வீ' என்பனவற்றை இருவேறு எழுத்தாகக் கொள்ளல் வேண்டுமென இத்தாலியராகிய திரிசீனோ 1524இல் எடுத்துரைத்தார். அவ்வேறுபாடு அதன் பின்னரே படிப்படியாக நிலைபெற்றது. பேரரசனின் ஆணையால் நில்லாத திருத்தம், எழுதுவோரும் அச்சிடுவோரும் ஏற்றபோது நின்றது.

இனி, பரவிய காரணத்தை நோக்கின், உரோமப் பேரரசும், இலத்தீனில் வழிபாடியற்றிய திருச்சபையும், 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த அச்சுக்கலையும், கடல்கடந்த ஐரோப்பிய ஆட்சியுமே முன்னிற்கின்றன. எழுத்துத்தொகை குறைவு, உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி எழுத்துண்மை என்னுஞ் சிறப்புக்கள் அதற்கு உண்டு என்பது மறுக்கற்பாலதன்று. ஆயின், அவை நிறைவென்னும் பெயருக்குப் போதா. உயிர்களின் குறில் நெடில் வேறுபாட்டை இலத்தீன் எழுத்து வழக்கமாகக் காட்டுவதில்லை. 1928இல் அதனை மேற்கொண்ட துருக்கியர், தம் மொழியோசைகளுக்கென அடையாளமிட்ட புதிய எழுத்துக்களையும் சேர்க்க வேண்டியவராயினர்.

எனவே, பரப்பைக் கொண்டு எழுத்தின் தகுதியை அளத்தல் பொருந்தாது. ஒரு மொழியின் ஓசைகளை எத்துணைத் தெளிவுறக் காட்டுகின்றது என்பதே எழுத்துக்கு உரைகல். பிறர் எழுத்தைக் கொள்ளுதல் இழிவன்று. கிரேக்கரும் உரோமரும் கொண்டே உயர்ந்தனர். கொண்டதைத் தம் மொழிக்கு இயையத் திருத்தியதே அவர்தம் பெருமை. அத்திருத்தத்தைக் கருதாது எழுத்துருவை மட்டும் போற்றுதல், இலத்தீன் எழுத்தின் வரலாற்றையே மறத்தலாகும்.